மூச்சு வாங்கும் பருத்த மனிதரும் நோயாளிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுரையீரல் நோயாளி என்றால் கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிய இருக்க வேண்டும் என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். எடையோ 94 கிலோ. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மூச்சு வாங்கி நின்றால், மெலிந்தவருக்கு நாற்காலி நீட்டுகிறார்கள். எனக்கு, "சோற்றைக் குறையுங்கள் அண்ணே" என்ற புத்திமதிதான் கிடைக்கிறது.

நுரையீரலில் ஏற்கெனவே காற்று முழுதாக வெளியேறாமல் தங்கிவிடுகிறது. கீழிருந்து தொப்பை வேறு, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை நெருக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு மாடிப்படியைவிடக் காலணிதான் பெரிய எதிரி. குனிந்து மாட்டி நிமிர்வதற்குள் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும். கால் நகம் வெட்டவும் ஆள் தேவை. இந்த உதவிகளை மருமகளிடம் கேட்கக் கூச்சப்பட்டே, கப்பல் பட்டறையில் என்னுடன் வெல்டராக இருந்த, இதே நோயுள்ள நண்பர் ஒருவர் கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டார். வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் எடை ஏறுகிறது, மனம் சோர்கிறது. இரவில் குறட்டையோடு மூச்சுத் தடைபட்டுத் தூக்கமும் கெடுகிறது.

எல்லாம் வாயைக் கட்டாததால் வந்த வினை என்று சொல்பவர்களுக்கு ஒன்று: நோய் திடீரென்று மோசமாகும்போது தரும் ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளப்பும். அந்த நாள்களில் தே தாரிக்கை (இனிப்பான பால் தேநீர்) மறுப்பது எவ்வளவு கடினம் என்று அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறாக, "இந்த நோய்க்குக் குண்டாக இருப்பதே நல்லது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அரைகுறை உண்மை அது. நோயின் கடுமையை மதிப்பிட 2004இல் வந்த 'போட்' குறியீட்டில் உடல் எடைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 21 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பாதகப் புள்ளி. மெலிந்து போவது ஆயுளுக்கு ஆபத்து என்பது சரி. ஆனால் ஆயுள் கணக்கு வேறு, தினப்படி வாழ்க்கை வேறு. சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 27.5ஐத் தொட்டாலே சர்க்கரை, இதய நோய்களுக்கு அதிக ஆபத்து என்கிறார்கள். நான் 34இல் இருக்கிறேன்.

ஆகவே பட்டினி கிடந்து இளைப்பதும் எங்களுக்கு ஆகாது. கொழுப்போடு தசையும் கரைந்தால், எங்களை நடக்க வைக்கும் தொடையும் மூச்சுத் தசையும் பலமிழக்கும். எனக்கு உதவியது மருத்துவமனையின் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, விரலில் ஆக்சிஜன் அளவியோடு நடப்பது, சிறிய எடை தூக்குவது. எடை இரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் இப்போது காலணியை நானே மாட்டுகிறேன்.

பயிற்சி முடிந்த பிறகுதான் சிக்கல். எங்கள் வட்டாரத்தில் இருப்பவை ஸும்பா நடன உடற்பயிற்சியும் வேக நடையும். இரண்டிலும் நாங்கள் பின்தங்கி, வெட்கப்பட்டு விலகுகிறோம். அக்கம்பக்க மூத்தோர் நிலையங்களில் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கென்று, விவரம் தெரிந்த ஒருவர் மேற்பார்வையில், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

நம் சமூக அமைப்புகளின் மருத்துவ முகாம்களுக்கும் ஒரு வேண்டுகோள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை பார்த்து அனுப்பிவிடுகிறீர்கள். கூடவே, "சமதரையில் உங்கள் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, மூச்சு வாங்கிப் பின்தங்குகிறீர்களா?" என்றும் கேளுங்கள். பின்தங்குகிறேன் என்பவரை, அவர் எவ்வளவு பருமனாக இருந்தாலும், நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற வெல்டர்,
உட்லண்ட்ஸ்