அழுத்தம் எப்போதும் ஈற்றயலில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் இத்தாலிய மொழி அறிமுகத் தொடரின் சென்ற பகுதியில், இத்தாலியச் சொற்கள் அனைத்திலும் ஈற்றயல் அசையே, அதாவது கடைசிக்கு முந்தைய அசையே, அழுத்தம் பெறும் என்று எழுதப்பட்டிருந்தது. ரோமா, மிலானோ போன்ற பெரும்பான்மைச் சொற்களுக்கு இது பொருந்தும். ஆனால் நாபொலி, மோதெனா, ஊதினே ஆகிய நகரப் பெயர்களில் அழுத்தம் முதல் அசையில், அதாவது கடையிலிருந்து மூன்றாவதில், விழுகிறது. தொடரில் இருப்பதுபோல் ‘நபோலி’ என்று நடுவை நீட்டினால் அந்நகரத்தார் காதுக்கு அது உறுத்தும். ‘தொலைபேசியில் பேசுகிறார்கள்’ என்று பொருள்படும் ‘தெலேஃபொனனோ’வில் அழுத்தம் கடையிலிருந்து நான்காம் அசைக்கே போய்விடுகிறது.

கற்பவருக்கு உண்மையான இடர், பல அசைச் சொற்களில் கடைசி அசை அழுத்தம் பெற்றால் மட்டுமே எழுத்தில் குறியிடுவது கட்டாயம் என்பதுதான். மற்ற இடங்களில் எழுத்து நமக்கு எதுவும் சொல்வதில்லை. ‘அங்கொரா’ என்ற சொல்லின் முதல் அசையை அழுத்தினால் நங்கூரம், நடு அசையை அழுத்தினால் ‘இன்னும்’. எழுதும்போது இரண்டும் ஒன்றே.

அசைப் பிரிப்பை நேர், நிரை கொண்டு விளக்கியதும் பொருத்தமாகப் படவில்லை. நம் யாப்பில் ‘புலி’ ஒரே நிரையசை. இத்தாலியக் கணக்கிலோ உயிருக்கு ஓர் அசையாக இரண்டு. இரட்டை மெய்யைப் பிரிப்பதில் மட்டும் நாம் அவர்களோடு ஒத்துப்போகிறோம்: மண்வாரியைக் குறிக்கும் சொல் பா-லா, பந்தைக் குறிக்கும் சொல் பல்-லா. முன்னதில் அழுத்தம் பெற்ற அசை உயிரில் முடிவதால் அவ்வுயிர் நீள்கிறது. பின்னதில் மெய்யில் முடிவதால் குறுகுகிறது.

தொடரில் ‘பாஸ்-தா’ என்று பிரித்திருந்தார்கள். மெய்யை முன்னெழுத்தோடு சேர்த்துப் பழகிய நமக்கு அது இயல்பே எனினும், வரியின் கடைசியில் சொல்லை முறிக்கும்போது ஸகரத்தை அடுத்த அசைக்கே கொடுக்க வேண்டும் என்பது இத்தாலியப் பள்ளி இலக்கணம். அச்சொல்லின் முதல் உயிர் அங்கே குறுகியே ஒலிப்பதைக் காட்டி, ஸகரம் முன்னசைக்கு உரியது என்று வாதிடும் ஒலியியலாரும் உண்டு. ஒலிப்பைப் பொறுத்தவரை எனக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. (அப்படிப் பார்த்தால் நாம் ‘பாஸ்தா’ என்று நீட்டுவதே பிழைதான்.)

வரும் பகுதிகளில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் பெறும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி