குட்டி கைமாறிய பிறகு: நமது சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கடலூரிலிருந்தும் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் நாய் வளர்ப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த வேலைகளை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் மழைக்காலம் தவிர ஒழுங்காக நடந்தன. மஞ்சக்குப்பத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வழக்கம்போல் நடந்தது. இவற்றில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆண்டு நம்மை அதிகம் வேலை வாங்கியது, விற்ற குட்டிகளை வாங்கியவர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஆண்டு தொடங்கியதே ஒரு பீதியில். ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் விற்கவும் வளர்க்கவும் உரிமம் தரக்கூடாது என்று 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடைச் செய்தி பரவிய வேகத்தில் ரத்துச் செய்தி பரவவில்லை. "வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?" என்று கேட்டு நம் உறுப்பினர்களுக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன. வளர்ப்பாளரிடம் நேரடியாக வாங்கியவர்களுக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தார். தரகரிடம் வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஒரு ராட்வைலரைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்துப்பட்டை புதிது. பெயர் இல்லை, தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப்பும் இல்லை. அது இப்போது நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருக்கிறது.

நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017 விதிகளை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது; 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக்கூடாது; ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்து. அதே விதிகளில், விற்ற குட்டி எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது விசாரித்தறிய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரியை மட்டும் எல்லோரும் வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அதனால்தான் ஜூன் பொதுக்குழுவில் ஈற்றுப் பதிவேடு கட்டாயம் என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம்: சிப் எண், தடுப்பூசித் தேதிகள், வாங்கியவரின் முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள். இரண்டாவது எண் அதே வீட்டில் இல்லாதவருடையதாக இருக்க வேண்டும். "கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறோம், இவ்வளவு விவரம் எதற்கு?" என்று அன்று கேட்டவர்கள் டிசம்பரில் வாய் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

விற்ற முதல் வாரத்தில் வாங்கியவரைக் கட்டாயம் அழைத்துப் பேச வேண்டும் என்றும் தீர்மானித்தோம். அதற்குக் காரணம் பார்வோ என்ற, குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய். கிருமி உள்ளே நுழைந்து நோய் வெளிப்பட பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும். புது வீட்டுக்குப் போன மூன்றாம் நாளில் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் குட்டி படுத்துவிட்டால், அது கிருமியை நம் கொட்டிலிலிருந்தே கொண்டுபோயிருக்கக்கூடும். உடன்பிறந்த குட்டிகள் இருக்கும் வீடுகளுக்கு அன்றைக்கே சொல்லியாக வேண்டும். எண் கையில் இல்லாதவர் யாரிடம் சொல்வார்?

இனி வெள்ளை நிற ராஜபாளையம் இனக் குட்டிகளின் விஷயம். பண்ருட்டி உறுப்பினர் ஒருவர் ஆறாம் மாத விசாரிப்புக்காக லாஸ்பேட்டையில் குட்டி வாங்கிய அம்மாவை அழைத்தார். "எல்லாம் நன்றாக இருக்கிறது. தோட்டத்திலிருந்து கூப்பிட்டால் மட்டும் வாசல் பக்கம் ஓடுகிறது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நம் உறுப்பினர் சிரிக்கவில்லை. நாய் தூங்கும்போது அதன் கண்ணில் படாமல் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கச் சொன்னார். இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தபோது அசையவே இல்லை. வலப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தபோது முதல் குலுக்கலிலேயே துள்ளி எழுந்தது. இடக்காது தரையில் அழுந்தியிருந்தால் அதற்கு உலகமே நிசப்தம். வலக்காது கேட்கவில்லை என்று பொருள். காதில் சீழோ உண்ணியோ இல்லை என்று கால்நடை மருத்துவரும் பார்த்துச் சொன்னார். ஒரு காது மட்டும் கேட்காத நாய்க்கு ஓசை வரும் திசை பிடிபடாது. மற்றபடி வித்தியாசமே தெரியாது. எட்டு வாரத்தில் விற்றவர் கண்ணில் அது படாமல் போனதில் வியப்பில்லை.

அவர் அதோடு விடவில்லை. பதிவேட்டைப் பிரித்து அந்த ஈற்றின் மற்ற வீடுகளுக்கும் அதே சாவிக்கொத்துச் சோதனையைச் சொன்னார். இன்னொரு குட்டிக்கும் ஒரு காது கேட்கவில்லை. அவற்றின் தாய் தந்தை ஜோடியை இனிச் சேர்ப்பதில்லை என்று அவரே முடிவெடுத்து, இரு வீட்டாரிடமும் காது கேட்காத அந்த நாய்களை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு நாம் அறிந்ததே. ஆனாலும் "ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை வேண்டும்" என்று கேட்பவர்களிடம் அதைச் சொல்வதில்லை. 2005-இல் தபால்தலையில் ஏறிய இனம் என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. குண்டு உப்பலவாடியிலும் நாணமேட்டிலும் மக்கள் மாற்றுத் துணிகூட எடுக்காமல் வெளியேறினார்கள். சிலர் நாய்களை அவிழ்த்துவிட்டுப் போனார்கள், அதுவே பெரிய விஷயம். வெள்ளம் வடியும்போது ஒரு லாப்ரடார் நிவாரண முகாம் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. சங்கத்தின் சிப் படிக்கும் கருவியைத் தோள்பட்டையில் வைத்ததும் 15 இலக்க எண் வந்தது. சிப்பில் முகவரி கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண் நெல்லிக்குப்பம் உறுப்பினரின் பதிவேட்டில் இருந்தது. உரிமையாளரின் தொலைபேசி அணைந்திருந்தது. இரண்டாவது எண்ணில் அவருடைய மைத்துனர் எடுத்தார். மாலைக்குள் ஆள் வந்து நாயை அழைத்துப் போனார்.

தண்ணீர் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பயம் வந்தது. தாழ்வான பகுதிகளில் குட்டி வாங்கிய வீடுகளையெல்லாம் உறுப்பினர்கள் பிரித்துக்கொண்டு அழைத்தார்கள். நாய் சாப்பிடாமல் இருந்தாலோ, கண் மஞ்சள் பூத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்தச் சிறுநீரை வெறுங்கையால் துடைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

புகார்களும் உண்டு. முதுநகரில் ஒருவர், "பெண் கொடுத்த சம்பந்தி மாதிரி வாராவாரம் விசாரிக்கிறீர்களே!" என்று அலுத்துக்கொண்டார். நியாயம்தான். விசாரிப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு. மறுபக்கம், நள்ளிரவில் அழைத்து மாத்திரை கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாம் மருத்துவர்கள் அல்ல. மனிதருக்கான வலி மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா என்று கேட்டால் கூடாது என்பது மட்டுமே நம் பதிலாக இருக்கட்டும். அது நாயைக் கொன்றுவிடக்கூடும்.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. வளர்க்க முடியாமல் போகும் நாயை, எந்த வயதிலும், விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானம் இருமுறை விவாதத்துக்கு வந்து இருமுறையும் தள்ளிப்போனது. இடமும் தீவனச் செலவும் பெரிய சுமை என்பது உண்மை. ஆனால் திரும்பி வரும் நாய்க்கு இடமில்லாத கொட்டிலில் அடுத்த ஈற்றுக்கு எங்கிருந்து இடம் வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இன்று வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். தரகருக்கு மொத்தமாகக் குட்டி கொடுப்பதை நிறுத்தும் தீர்மானமும் அதனுடன் வருகிறது.

சிப் படிக்கும் கருவியைப் பிப்ரவரியில் வாங்கிச் சென்ற உறுப்பினர் இன்னும் திருப்பித் தரவில்லை. அவர் இந்த அவையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. தேநீர் இடைவேளைக்குள் அது மேசைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்