படபடப்புக்கு டிரிப்டோபான் கேப்சூலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியாக வாழும் முதியோர் பற்றிய தங்கள் கட்டுரை நன்று. ஆனால், படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் டிரிப்டோபான் (புரத உணவில் உள்ள ஓர் அமினோ அமிலம்) கேப்சூல் போட்டுக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் எழுதியிருப்பது ஆபத்து.

துடிப்பைத் தொடங்கிவைக்கும் இதயத்தின் சைனஸ் கணுவைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளம் பிடிப்பதால்தான் எழுபதில் நிற்கிறது. மூச்சை இழுக்கும்போது சற்று வேகம், விடும்போது சற்று நிதானம் என்ற ஏற்ற இறக்கமும் அந்த நரம்பின் வேலையே. ஜோடியாக வாழும் ப்ரெய்ரி வோல் என்ற எலியினத்தை சிகாகோ ஆய்வாளர்கள் நான்கு வாரம் தனியே அடைத்து வைத்தார்கள். துடிப்பு கூடியது, ஏற்ற இறக்கம் குறைந்தது. தனிமையில் வரும் படபடப்பை 'எல்லாம் மனப்பிரமை' என்று தள்ளிவிட முடியாது.

நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருளை டிரிப்டோபானில் இருந்துதான் உடல் தயாரிக்கிறது; அது உண்மை. ஆனால் 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 240 மி.கி. போதும். பால், முட்டை, பருப்பு, வேர்க்கடலையிலேயே அது கிடைத்துவிடும். கேப்சூல் ஒன்றிலேயே பெரும்பாலும் 500 மி.கி. இருக்கிறது. அளவைவிடப் பெரிய சிக்கல், கூடச் சேரும் மருந்து. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், முட்டிவலிக்கு டிரமடால் சாப்பிடுபவர் இதையும் போட்டுக்கொண்டால் செரடோனின் மிகுந்துவிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நாடி நூறைத் தாண்டும். வியர்வை, கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். படபடப்பு அடங்கவில்லையே என்று இன்னொரு கேப்சூல் போடுபவர்களும் உண்டு! கேப்சூலை நிறுத்திவிட்டு, எல்லா மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலோ தசை விறைப்போ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை வாங்கும் முன் நாடியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், சீரற்ற துடிப்பில் கணக்கு தவறும். ஆக்சிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு நோயில் சில துடிப்புகள் விரல்வரை எட்டாது, கருவி குறைத்துக் காட்டும். தாறுமாறாக இருந்தால் அன்றே இ.சி.ஜி.; அந்த நேரம் பார்த்துச் சரியாக இருந்தால் 24 மணி நேரம் உடலில் மாட்டி இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி. ஹீமோகுளோபின், தைராய்டு, நீர் மாத்திரை சாப்பிடுவோருக்குப் பொட்டாசியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அவர்களின் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் சேர்த்தால் போதும்: 'நாடி சீரா, சீரற்றதா?' 'சீட்டில்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடுவது என்ன?' சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்கட்டும்.

இதயநோய், முதியோர் நல மருத்துவர்கள் சிலர்,
திருச்சி