குடியிருப்போர் நலச் சங்கம்: 2016–17 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வர்தா புயலில் சாய்ந்த மரங்களை அகற்றியது, தெருவிளக்கு மனுக்கள், வடிகால் தூர்வாரியது ஆகியவற்றின் விவரம் உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கிறது. தண்ணீர் லாரி பற்றி நீங்கள் கேட்காமல் விடப்போவதில்லை. அதை விவாத நேரத்தில் பேசிக்கொள்ளலாம். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது தட்டம்மை–ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி முகாம்தான்.

ஒன்பது மாதம் முடிந்த குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை, முன்பே போட்டிருந்தாலும் இன்னொரு தவணை என்பது அரசின் ஏற்பாடு. பிப்ரவரி 6 அன்று முகாம் தொடங்கியது. அதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் கர்ப்பம் தரிக்காதாம். வெளிநாட்டுக் கம்பெனி நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறதாம். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து சில வாரங்களே ஆன நேரம், வெளிநாட்டுச் சதி என்று யார் சொன்னாலும் எடுபட்டது. முகாமுக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் நம் தெருக்களிலும் இருந்தன.

‘வதந்திகளை நம்பாதீர்’ என்று துண்டறிக்கை அச்சடிக்க நினைத்தோம். மகளிர் அணியினர் தடுத்துவிட்டார்கள். பயந்துபோய்க் கேட்கிற தாயை வதந்தி பரப்புகிறவள் என்றால், அப்புறம் அவள் கதவையே திறக்க மாட்டாள் என்றார்கள். சரியான பேச்சு. அச்சுச் செலவும் மிச்சம். அதற்குப் பதிலாகச் சுகாதார செவிலியரை ஒரு மாலை சங்கக் கட்டடத்துக்கு அழைத்தோம். சொற்பொழிவு கிடையாது, கேள்விக்குப் பதில் மட்டும்.

கேட்ட கேள்விகள் ஒன்றும் முட்டாள்தனமானவை அல்ல. ஒன்பதாம் மாதமே போட்டாச்சே, மறுபடி எதற்கு? முதல் தவணையில் எல்லாக் குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. தவிர, அந்தப் பழைய அரசு ஊசியில் ரூபெல்லா மருந்தே கிடையாது. தனியாரிடம் எம்எம்ஆர் போட்டிருந்தால்? அதில் இவை இரண்டோடு பொன்னுக்குவீங்கிக்கான மருந்தும் சேர்ந்திருக்கும். ஆனாலும் கூடுதலாக ஒரு தவணையால் கெடுதல் இல்லை. ரூபெல்லா கர்ப்பிணிக்குத்தானே ஆபத்து, பையனுக்கு எதற்கு? பள்ளியிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாசமாக இருக்கும் சித்திக்குக் கொடுப்பதே அவனாக இருக்கலாம். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு எல்லாம் வரக்கூடும். மருந்து எந்த நாட்டிலிருந்து வருகிறது என்றும் கேட்டார்கள். புனேயிலிருந்து என்றதும் அந்தப் பேச்சு அடங்கியது.

ஆட்டிசம் வருமாமே என்று கேட்டவர் நன்கு படித்தவர். எம்எம்ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு, 12 குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் எழுதி 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையால் கிளம்பிய பயம் அது. 2010-இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. இந்த இரண்டாம் பாதியை மட்டும் யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

அம்மை என்றால் ஆத்தா வருவது, அதற்குப் போய் ஊசியா என்று முணுமுணுத்த பெரியவருக்கு நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவரே பதில் சொன்னார்: “வேப்பிலையும் கட்டலாம், கூழும் ஊத்தலாம், ஊசியும் போடலாம்ணே. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

விடுபட்ட பிள்ளைகளுக்காக நம் கட்டடத்திலேயே ஒரு நாள் முகாம் நடந்தது. ஊசி மருந்துப் பொடியில் நீர் கலந்துவிட்டால் அந்தக் குப்பியை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், இளைஞர்கள் தெருத் தெருவாகப் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்து வந்தார்கள். கட்டைவிரல் நகத்தில் மை வைத்ததும் ஓட்டுப் போட்டவர்கள் மாதிரி எல்லாரிடமும் காட்டித் திரிந்தார்கள் வாண்டுகள். மார்ச் நடுப்பகுதி வரை அரசு அவகாசத்தை நீட்டியதும் உதவியது.

இருந்தும் சில வீடுகள் கடைசி வரை மறுத்துவிட்டன. சில வீடுகள்தானே என்று விட முடியாது. தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது; நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. அந்த வீடுகளோடு சண்டை போட வேண்டாம், பேச்சை விடாமல் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

இனி 9 மாதத்திலும் 16–24 மாதத்திலும் இந்த ஊசி வழக்கமான அட்டவணையில் கிடைக்கும். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். புதிதாகக் குடிவந்தவர்கள், பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகளைக் கண்டறிய மகளிர் அணியில் ஒரு சிறு குழு அமைக்கும் தீர்மானத்தை முன்வைக்கிறேன். இந்தி தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்