கப்பல்துறையில் கட்டிய மேடை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
12.10.1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

புது வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரோயல் விக்டோரியா கப்பல்துறையில் இசை நிகழ்ச்சிக்குக் குழாய்களால் சாரம் கட்டப் போனேன். 1855இல் திறந்த துறை அது. கப்பல்கள் பெருத்து, ஆற்றின் கீழே இருக்கிற டில்பரித் துறைமுகத்துக்குப் போய்விட, 1981இல் மூடிவிட்டார்கள். கரையில் மில்லேனியம் மில்ஸ் என்ற கோதுமை மா ஆலை, ஆளில்லாமல் மலைபோல நிற்கிறது.

அங்கேதான் ழான் மிஷேல் ஜார் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர் போன சனியும் ஞாயிறும் வாசித்தார். மேடை தண்ணீரில் மிதந்தது அண்ணா! பெரிய சரக்குப் படகுகளின் மேல் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டிடத்துக்கு வெள்ளை அடித்து, அதிலேயே படம் விழுத்தினார்கள். யுத்தகாலத் தேடுவிளக்குகளும் வாணவேடிக்கையும் வேறு. செப்டெம்பரில் நடக்க வேண்டியது. சனத்தின் பாதுகாப்பை யோசித்து நியூஹாம் நகரசபை முதலில் அனுமதி கொடுக்கவில்லை. அது சரிதான் என்பேன். இருட்டில், தண்ணீர்க் கரையில், அவ்வளவு பேரை நிறுத்துவது விளையாட்டில்லை. பிறகுதான் இரண்டு இரவாகப் பிரித்தார்கள்.

எங்களுக்குப் பயம் காற்றுத்தான். படம் விழுத்தும் திரை பெரிதாக இருந்தால் காற்று அதைத் தள்ளும் பலமும் கூடும். அதனால் சாரத்தின் அடியில் பாரம் ஏற்றி, கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு இரவும் மழையும் காற்றும் போட்டு அடித்தன. டயானா இளவரசியும் வந்திருந்தார். சனம் தெப்பமாக நனைந்தும் அசையவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர் முன்பு இங்கே கப்பலில் மூட்டை இறக்கியவர். டிக்கெட் இல்லாமல் தெருவில் நின்று பார்த்தார். வெளிச்சம் விழுந்த ஒவ்வொரு சுவரையும் காட்டி, அங்கே யார் வேலை செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. அரசாங்கம் இந்த இடத்தைப் புதுப்பிக்கத் தனிக் கழகமே வைத்திருக்கிறது. போன வருடம் துறைகளுக்கு நடுவில் விமான நிலையமும் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கிழவரின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே வேலை கிடைக்குமா, வாடகைக்கு வீடு கிடைக்குமா? அதைக் கேட்பவர்கள் குறைவு. ஒளியைப் பார்த்து நானும் வாய் பிளந்தேன். அதற்காக இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது சாரம் பிரிக்கும் வேலை. அது முடிந்தால் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை இருக்கிறது. அம்மாவின் மருந்துக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் உங்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் வருகிறதா என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
சிவா