இருவாச்சியில் அப்பாவும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தாயின் தியாகம் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் பெரிய இருவாச்சியின் படத்தைப் போட்டு, தாய்ப்பறவை தன்னைத்தானே மரப்பொந்துக்குள் சிறை வைத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் உள்ளே கிடப்பவளுக்கு யார் சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நான் வால்பாறைக்காரி. தோட்ட ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். இருவாச்சியையும் பார்த்திருக்கிறேன், பிரசவ வார்டு வாசலில் நிற்கும் அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். விட்டுப்போன பாதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே தை, மாசி வாக்கில் இருவாச்சிகள் பொந்து தேடும். தேயிலைக்கு நடுவே வரிசையாக நட்டிருக்கிற சில்வர் ஓக்கெல்லாம் அதற்கு ஆகாது. பெரிய, வயதான காட்டு மரம் வேண்டும். பெண் உள்ளே புகுந்து, பெரும்பாலும் தன் எச்சத்தையே சாந்தாக்கி வாசலை அடைக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஒன்றோ இரண்டோ முட்டை. அடைகாக்க 38 முதல் 40 நாள். அந்தச் சமயத்தில் அதன் இறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். குஞ்சு பாதி வளர்கிறவரை வெளியே வராது. இருவாச்சி இனங்கள் சிலவற்றில், தாய் உடைத்துக்கொண்டு வெளியேறியதும் குஞ்சே உள்ளிருந்து வாசலை மறுபடி பூசிக்கொள்ளும். கண்ணால் வெளியுலகமே பார்க்காத அதற்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

இத்தனை நாளும் ஆண்தான் உணவு கொண்டுவரும். அது வருவது காதுக்குத்தான் முதலில் தெரியும், நீராவி ரயில் மூச்சு விடுகிற மாதிரி இறக்கைச் சத்தம். கிளையில் உட்கார்ந்து, தொண்டைக்குள் அடக்கி வைத்திருக்கிற அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீறல் வழியாக ஊட்டும். முடிந்ததும் பறந்துவிடும், மறுபடி வரும். உள்ளே இருப்பவளால் பறக்க முடியாது. ஆணை யாராவது சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருக்கிறவர்கள் பாடு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கேரளப் பக்கம் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் கூடிருக்கும் மரங்களைக் கண்காணித்துக் காக்கிறார்கள். குஞ்சு மட்டுமல்ல, அந்த ஆணும் பிழைத்திருப்பது அவர்களால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற ஒரு தம்பி. மனைவிக்கு மாதம் முடியுமுன்னே கீழே சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. இரண்டு கிலோவுக்கும் குறைவான குழந்தை. தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாகி, எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. அங்கே இவரை வார்டு வாசலுக்குள்ளேயே விடவில்லை. "ஆம்பளைங்க வெளியே நில்லுங்க" என்பதுதான் அவர் காதில் விழுந்த ஒரே வார்த்தை. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி எங்களிடம் வந்தபோது நல்ல மழை. குழந்தையின் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை அவர் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிவிட்டேன். "சிஸ்டர், என் கையெல்லாம் கரடுமுரடா இருக்கே, குழந்தைக்குக் குத்தாதா?" என்று கேட்டார். கையில் என்னப்பா இருக்கிறது, நெஞ்சுச் சூடுதான் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் பாதத்தில் சூடு வந்துவிட்டது. ராத்திரி முழுக்க அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தபோதுகூட அடக்கிக்கொண்டார்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கிய கங்காரு முறைதான். இன்று உலக சுகாதார நிறுவனமே குறை எடைக் குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. இதை அப்பாவும் தாராளமாகச் செய்யலாம். பால் கொடுப்பது ஒன்றுதான் அவரால் முடியாது.

ஆனால் மறுநாள் அந்தத் தம்பி வேலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் கூலி இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, தாய்க்குச் சம்பளத்தோடு 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கினார்கள். நல்ல காரியம். அதில் அப்பாவுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 15 நாள் உண்டு. தனியார் வேலைக்காரருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அப்படி ஒரு சட்டமே இல்லை. அதே 2017இல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. தந்தையர் விடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. தாயின் தியாகத்தைப் பாடுகிற நாம், அவளுக்குத் துணையாக இருக்க வேண்டியவனை மூன்றாம் நாளே கவாத்துக் கத்தியோடு மலைக்கு அனுப்பிவிடுகிறோம். குடித்துவிட்டு எட்டிப் பார்க்காத அப்பாக்களும் உண்டு, அதை என்னைவிட யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? அவர்களைக் காட்டி மற்றவர்களையும் வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

மத்திய அரசு ஊழியருக்குக் கிடைக்கும் அந்த 15 நாளைக் கூலியோடு எல்லாத் தொழிலாளிக்கும் சட்டமாக்க வேண்டும். அதற்கு நாள் ஆகும், தெரியும். அதுவரை, பிரசவம் பார்க்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் குறை எடைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அப்பாக்களையும் உள்ளே விட்டு, திரை மறைவில் ஒரு சாய்வு நாற்காலி போடச் சொல்லுங்கள். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
வால்பாறை.