எவ்வளவு தாழ்ந்து நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதயநலக் கட்டுரை சீனத் தற்காப்புக் கலைகள் அனைத்தையும் ‘மிதமான பயிற்சி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 11 வருடமாக தைச்சி என்ற, மெதுவான அசைவுகள் கொண்ட சீனத் தற்காப்புக் கலையைப் பயில்பவள் நான். அந்த வரி எனக்குப் போதவில்லை.

1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தொகுத்த தைச்சியின் 24 அசைவு வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு வயது 58. 220-இல் வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு தோராயமாக 162. நிமிர்ந்து நின்று செய்தால் என் கைக்கடிகாரம் 95 காட்டும். அதே வரிசையை, அதே வேகத்தில், இடுப்பை ஒரு சாண் இறக்கிச் செய்தால் 120. நாலாவது அசைவிலேயே தொடை நடுங்கும், முதுகு நனையும். உடம்பின் எடை முழுவதையும் மடங்கிய ஒற்றைக் கால் தாங்குகிறதே!

தைச்சியிலேயே சென் என்ற பாணியின் இரண்டாம் வரிசை, ‘பீரங்கி முஷ்டி’ என்பார்கள், துள்ளலும் குதிப்புமாக இருக்கும். முடித்ததும் எனக்குப் பேச்சே வராது. வூஷூ எனும் சீனத் தற்காப்புக் கலைப் போட்டிகளில், சாங்சுவான் என்ற வேகமான வரிசையை ஆடுபவர்கள் 1 நிமிடம் 20 வினாடிக்குக் குறையாமல் ஆட வேண்டும். 400 மீட்டர் ஓடி வந்தவர்களைப் போல மூச்சு வாங்குவார்கள். இதெல்லாம் மிதமா?

என் பயிற்சித் தோழர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. “மெதுவான பயிற்சிதானே, தாராளமாகச் செய்யுங்கள்” என்றார் அவருடைய மருத்துவர். கால்களை அகட்டி முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலையில் அசையாமல், பல்லைக் கடித்து மூச்சை அடக்கி நின்றவர், எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அசையாமல் தசையை இறுக்கினாலே அழுத்தம் ஏறும், மூச்சையும் அடக்கினால் இன்னும் ஏறும். அவர் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர் மாத்திரை, அது துடிப்பைக் குறைத்துவிடுவதால் கடிகாரத்தையும் நம்ப முடியாது. இப்போது வாய்விட்டு எண்ணியபடி நிற்கிறார், எண்ணிக்கை திக்கினால் எழுந்துவிடுகிறார்.

இன்னொன்று. ஒரு மணி நேர வகுப்பில் பாதி, ஆசிரியர் செய்துகாட்டுவதைப் பார்ப்பதிலேயே போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

எந்த வரிசை, எவ்வளவு தாழ்வு, இடைவிடாமல் எத்தனை நிமிடம்: மருத்துவர்கள் கேட்க வேண்டிய இந்த மூன்றையும் அடுத்த கட்டுரையில் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தைச்சி பயிலும் வாசகி